ஒட்டு வந்த நாளே ஓட்டை தெரியும் நாள்

திறமூல மென்பொருள் (மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது) ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வரும்போதெல்லாம் படிப்பவருக்கு இரண்டு சந்தேகம் எழும். மூன்று வாரத்துக்கு முன்பே தெரியுமாம், ஏன் வாயைத் திறக்கவில்லை? இன்றைக்கு மட்டும் ஏன் "உடனே அப்டேட் செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்" என்று அலறுகிறார்கள்? முதலில் மெத்தனமாக இருந்துவிட்டுப் பிறகு பதறுவதுபோல் தோன்றும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அது புரிய, இணையக் கருத்துக்களங்களை நடத்தப் பயன்படும் பிஹெச்பிபிபி என்ற மென்பொருளுக்கு 2004இல் நேர்ந்ததைப் பார்த்தால் போதும்.

## முதலில் சில சொற்கள்

மென்பொருளில் இருக்கும் எல்லாப் பிழையும் பாதுகாப்பு ஓட்டை ஆகாது. பொத்தானை அழுத்தியும் பக்கம் திறக்கவில்லை என்றால் அது வெறும் பிழை. அனுமதி இல்லாத ஒருவர் அதே பிழையைப் பிடித்துக்கொண்டு பிறர் தகவலைப் படிக்கவோ, மாற்றவோ, சர்வரில் தன் கட்டளையை ஓட்டவோ முடிந்தால் அது ஓட்டை. இந்த மூன்றில் கடைசி வகைதான் மிக மோசம். அது கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகக் கிடைக்கும்.

ஓட்டையை அடைக்கும் நிரல் மாற்றத்தை பேட்ச் என்பார்கள்; இங்கே ஒட்டு என்று வைத்துக்கொள்வோம். ஓட்டையைப் பயன்படுத்தி உள்ளே நுழைய எழுதப்படும் நிரல் தாக்குநிரல். ஓட்டை பற்றிய தகவல் உருவாக்குநர்களுக்குக் கிடைத்த நாளுக்கும் ஒட்டு வெளியாகும் நாளுக்கும் இடையில் யாரும் வெளியே பேசாமல் இருக்கும் இடைவெளியை மௌன காலம் எனலாம். பொதுவெளிக்கு வந்த ஓட்டைகளுக்கு 1999 முதல் சிவிஇ என்ற அடையாள எண் தரப்படுகிறது. ஒரே ஓட்டையை ஆளுக்கொரு பெயரில் அழைத்துக் குழம்பாமல் இருக்கத்தான் அந்த எண். அதனுடன் 0 முதல் 10 வரை ஒரு கடுமை மதிப்பெண்ணும் வரும். செய்திகளில் "10க்கு 9.8" என்று படிப்பது இதைத்தான்.

## ஒரு சொல்லை வண்ணத்தில் காட்டப் போய்

பிஹெச்பிபிபி 2000இல் தொடங்கிய திட்டம். பிஹெச்பி மொழியில் எழுதியது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கித் தங்கள் ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்ளலாம். ஃபேஸ்புக் குழுவும் வாட்ஸ்அப் குழுவும் இல்லாத காலம் அது. கார் பிரியர்கள், நோயாளிகளின் குடும்பங்கள், கல்லூரி நண்பர்கள் என்று யார் கூடிப் பேச நினைத்தாலும் இந்த வகை மென்பொருளைத்தான் நிறுவினார்கள்.

அதில் ஒரு சின்ன வசதி உண்டு. ஒரு சொல்லைத் தேடி, வந்த இழையை, அதாவது ஒரு தலைப்பில் நடந்த பேச்சுத் தொடரை, திறந்தால், அந்தச் சொல் வரும் இடமெல்லாம் வண்ணத்தில் தெரியும். எந்தச் சொல் என்பது இணைய முகவரியிலேயே 'ஹைலைட்' என்ற பெயரில் கூடவே போகும். இழையைக் காட்டும் 'வியூடாபிக்' என்ற கோப்பு அதை வாங்கி வண்ணம் பூசும். இவ்வளவு எளிய வேலையில் இரண்டு தவறுகள் ஒன்றுசேர்ந்தன.

1. முகவரியில் வரும் சிறப்புக் குறிகள் எண்ணாக மாற்றப்பட்டு வரும். ஒற்றை மேற்கோள் குறிக்கு %27. சதவீதக் குறிக்கே %25. பிஹெச்பி மொழி இவற்றைத் தானாகப் பிரித்து, மேற்கோள் குறி ஏதும் தென்பட்டால் அதைச் செயலிழக்கவும் வைத்தது. அப்போது பல சர்வர்களில் இருந்த காவல் இதுதான். ஆனால் வியூடாபிக் கோப்பு, மொழி ஏற்கெனவே பிரித்ததை இன்னொரு முறை பிரித்தது. தாக்குபவர் %2527 என்று அனுப்பினால், முதல் பிரிப்பில் அது %27 ஆகும். மேற்கோள் குறி கண்ணில் படாததால் காவல் விட்டுவிடும். இரண்டாம் பிரிப்பில்தான் உண்மையான மேற்கோள் குறி வெளிவரும். பெட்டிக்குள் இன்னொரு பெட்டி இருக்க, வாசலில் நிற்பவர் வெளிப்பெட்டியை மட்டும் திறந்து பார்த்து அனுப்பியது போல.

2. வண்ணம் பூசப் பயன்படுத்திய தேடி-மாற்றும் செயற்கூறில் ஒரு வசதி இருந்தது: கூடவே 'இ' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால், மாற்றிப் போட வேண்டிய உரையை வெறும் உரையாகப் பார்க்காமல் பிஹெச்பி கட்டளையாகவே ஓட்டும். தேடிய சொல் அந்தக் கட்டளைக்குள் அப்படியே போய் உட்கார்ந்தது. காவலைத் தாண்டிய மேற்கோள் குறி அங்கே கட்டளையை உடைத்து, தாக்குபவர் எழுதியதை ஓட வைத்தது.

கடவுச்சொல் வேண்டாம், உறுப்பினராக இருக்கவும் வேண்டாம். முகவரிப் பட்டையில் ஒரு வரி தட்டினால் சர்வர் கையில்.

2004 நவம்பர் 18 அன்று பிஹெச்பிபிபி 2.0.11 வெளியானது, இந்த ஓட்டைக்கான ஒட்டு அதில் இருந்தது. கோப்பில் சின்ன மாற்றம்தான். உருவாக்குநர்களின் வேலை அத்துடன் முடிந்ததுபோல் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 20, 21 வாக்கில் சாண்ட்டி என்ற புழு, அதாவது தளத்துக்குத் தளம் தானே பரவும் நிரல், கிளம்பியது. பெர்ல் மொழியில் எழுதிய சிறு நிரல். அது கூகுளில் 'வியூடாபிக்' என்று தேடும், கிடைக்கும் தளங்களில் இந்த ஓட்டையைச் சோதிக்கும், உள்ளே போனதும் சர்வரில் உள்ள பக்கங்களை அழித்துத் தன் பெயரை எழுதும், பிறகு அங்கிருந்தே அடுத்த தளங்களைத் தேடும். பலியாட்களைத் தேடித் தரும் வேலையைக் கூகுளே செய்தது என்பதுதான் இதில் புதுமை. சுமார் 40,000 தளங்கள் என்று அப்போது மதிப்பிட்டார்கள். கூகுள் அந்தத் தேடலைத் தடுத்ததும் முதல் புழு படுத்தது. வேறு தேடுபொறிகளைப் பயன்படுத்தும் உருவங்கள் பின்னாலேயே வந்தன. மாத இறுதியில் வேறொருவர், நுழைந்த தளங்களில் ஓட்டையை அடைத்துவிட்டு 'அப்டேட் செய்யுங்கள்' என்று எழுதிவைத்துப் போகும் எதிர்ப்புழு ஒன்றையும் விட்டார். நல்ல எண்ணமாகவே இருக்கட்டும். அழைக்காமல் வீட்டுக்குள் புகுந்து தாழ்ப்பாளைச் சரிசெய்தவரை யாரும் கும்பிட மாட்டார்கள்.

## இடையில் அந்த ஒரு மாதம்

சாண்ட்டி அடித்த தளங்களுக்கெல்லாம் மருந்து ஒரு மாதமாகக் கடையில் இருந்தது, அதுவும் இலவசமாக. வாங்கிச் சாப்பிடத்தான் ஆளில்லை.

கருத்துக்களம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் நிரலாளர் இல்லை. ஒருமுறை நிறுவியதோடு சரி. இன்று வேர்ட்பிரஸ் சிறு அப்டேட்களைத் தானே போட்டுக்கொள்கிறது. அந்த வசதி அதற்கு வந்ததே 2013இல்தான். 2004இல் கோப்புகளை இறக்கி, எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் வழியில் சர்வரில் ஏற்றி, தரவுத்தள மாற்றத்தைக் கையால் ஓட்ட வேண்டும். போதாக்குறைக்கு, பிஹெச்பிபிபி-யில் கூடுதல் வசதி சேர்ப்பதென்றால் மூலக் கோப்பையே திறந்து வரிகளைச் செருக வேண்டும். புதுப் பதிப்பை மேலே ஏற்றினால் செருகியது எல்லாம் போய்விடும். பத்து வசதி சேர்த்தவர் பத்தையும் மறுபடி செருக வேண்டும். இதைத் தள்ளிப்போட்டவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது.

மறுபக்கம், தாக்குபவருக்கு அந்த ஒரு மாதம் என்ன கொடுத்தது? பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மாறிய வரிகள் மட்டும் தனியே தெரியும். மாறிய வரி எதுவோ அங்கேதான் ஓட்டை இருந்தது. ஒட்டு என்பது ஒரு விதத்தில் ஓட்டையின் வரைபடம். திறமூலத்தில் இந்த ஒப்பீட்டுக்குச் சில நிமிடம் போதும். மூலம் மூடிய மென்பொருளிலும் இது நடக்காமல் இல்லை. மைக்ரோசாஃப்ட் செவ்வாய்க்கிழமை ஒட்டு வெளியிட்டால் புதன்கிழமை தாக்குநிரல் வரும் என்று அந்தத் துறையில் கிண்டலாகச் சொல்வார்கள். வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இப்போது முதல் கேள்விகளுக்கு வரலாம். ஒட்டு இல்லாமல் ஓட்டையைச் சொன்னால் தாக்குபவருக்கு மட்டுமே லாபம், அதனால் மௌனம். ஒட்டை வெளியிட்ட நொடியில் ஓட்டை ஊருக்கே தெரிந்துவிடுகிறது, அதனால் அலறல்.

## ஏழு மணி நேரம்

அந்த ஒரு மாதம் பத்து ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கியது என்பதற்கு ட்ரூபல் சாட்சி. அதுவும் பிஹெச்பியில் எழுதிய, இணையதளம் நடத்தும் திறமூல மென்பொருள். அரசுத் தளங்கள் முதல் பத்திரிகைகள் வரை பயன்படுத்துவது. 2014 அக்டோபர் 15 அன்று தரவுத்தளக் கட்டளைக்குள் அந்நியக் கட்டளையைச் செருக விடும் ஓட்டைக்கு ஒட்டு வெளியிட்டார்கள். அந்த வகைத் தாக்குதலைத் தடுப்பதற்கென்றே எழுதிய பகுதியில்தான் ஓட்டை இருந்தது என்பது வேறு வேடிக்கை. சில மணி நேரத்தில் தானியங்கித் தாக்குதல்கள் தொடங்கின. இரண்டு வாரம் கழித்து ட்ரூபல் பாதுகாப்புக் குழு இன்னோர் அறிவிப்பு தந்தது: ஒட்டு வெளியான ஏழு மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத தளம் எதுவானாலும் அது பறிபோனதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஓட்டை அந்தக் குழுவுக்குச் செப்டம்பர் மூன்றாம் வாரமே தெரியும். மாத இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் ட்ரூபல் மாநாடு இருந்தது. தளங்களைப் பராமரிப்பவர்கள் எல்லாம் பயணத்தில் இருக்கும் வாரத்தில் ஒட்டை வெளியிட்டால், தாக்குபவர் முந்திக்கொள்வார். அதனால் எல்லோரும் ஊர் திரும்பி இருக்கைக்கு வந்தபின் வெளியிட்டார்கள். அதுவரை வேறு யாரும் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டுமே என்ற சூதாட்டம் இதில் உண்டு. இருந்தாலும் என் பார்வையில் அது சரியான முடிவு. ஒட்டை எழுதுவதைவிட எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வெளியிடுவது என்பதில்தான் பொறுப்பு அதிகம்.

2018இல் அடுத்த பெரிய ஓட்டை வந்தபோது இன்னும் ஒரு படி போனார்கள். "மார்ச் 28 அன்று முக்கியமான ஒட்டு வருகிறது, நேரம் ஒதுக்கி வையுங்கள்" என்று ஒரு வாரம் முன்பே சொன்னார்கள்; ஓட்டை எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. அன்றைக்குப் பராமரிப்பாளர்கள் தயாராக இருந்தார்கள். தாக்குநிரல் பொதுவெளிக்கு வர இரண்டு வாரம் ஆனது.

## தகவல் வந்ததும் செய்வது என்ன

நன்றாக நடக்கும் திட்டங்களில் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்.

1. தகவல் வர ஒரு தனி வாசல். எல்லோரும் பார்க்கும் பிழைப் பட்டியலில் ஓட்டையை எழுதினால் அதுவே ஊருக்கு அறிவிப்பு. அதற்குத்தான் தனி மின்னஞ்சல் முகவரியும் பூட்டிய பட்டியலும்.

2. கிடைத்தது என்று உடனே பதில். தொழில்நுட்ப வேலையாகத் தெரியாது. ஆனால் பல தகராறுகள் இங்கேதான் பிறக்கின்றன. இரண்டு வாரம் பதிலே வராவிட்டால் கண்டுபிடித்தவர் பொறுமை இழந்து வெளியே எழுதிவிடுவார். பிறர் மென்பொருளிலும் ஓட்டை தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு, ஒட்டு வெளியிட 90 நாள் கெடு வைத்ததற்குக் காரணமே, காலவரையின்றிக் காக்கவைக்கும் நிறுவனங்கள்தான்.

3. உண்மையா என்று தானே செய்து பார்ப்பது. எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது, உள்நுழையாதவரும் செய்ய முடியுமா, எது வரை போக முடியும்.

4. ஒட்டை மறைவாக எழுதிச் சோதிப்பது. திறமூலத்துக்கு இது கஷ்டம். நிரல் மாற்றம் எல்லாம் பொதுவில் நடப்பதுதான் அதன் இயல்பு. ஜாவா நிரல்களில் நடப்பதைக் குறித்துவைக்கும் லாக்4ஜே என்ற திறமூல மென்பொருளின் ஓட்டைக்கு 2021இல் எழுதிய மாற்றம், பதிப்பு வெளியாகும் முன்பே நிரலை வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் தெரிந்துவிட்டது.

5. எல்லாப் பதிப்புகளுக்கும் ஒரே நேரத்தில் வெளியீடு, தெளிவான அறிவிப்பு.

ஐந்தாவதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெயர் கெட்டுவிடும் என்று பயந்து, "சில சிறு திருத்தங்கள்" என்று மட்டும் எழுதி ஒட்டைச் சத்தமில்லாமல் உள்ளே வைப்பார்கள். தாக்குபவர் அறிவிப்பைப் படிப்பதில்லை, நிரலைப் படிக்கிறார். அறிவிப்பை மட்டும் நம்புகிறவர் தளத்தை நடத்துபவர்தான். அவரோ "சிறு திருத்தம்தானே" என்று அப்டேட்டைத் தள்ளிவைப்பார். மறைத்ததன் பலன் முழுக்கத் தவறான ஆளுக்குப் போகிறது.

முன்னறிவிப்பே இல்லாமல் ஓட்டை வெளிவந்தால் மேலே சொன்ன வரிசை எதுவும் நடக்காது. வீபுல்லெட்டின் காசு கொடுத்து வாங்கும் கருத்துக்கள மென்பொருள், திறமூலம் இல்லை. 2019 செப்டம்பர் 23 அன்று பெயர் சொல்லாத ஒருவர் அதன் ஓட்டையைத் தாக்குநிரலோடு பொதுவில் போட்டுவிட்டார். ஒட்டு 25ஆம் தேதி வந்தது. இடைப்பட்ட நாளில் தளம் நடத்தியவர்கள் கையில் அதிகாரபூர்வ ஒட்டு இல்லை; தளத்தை இழுத்து மூடுவதுதான் பாதுகாப்பான வழி.

## பாதி அடைத்த ஓட்டை

பிஹெச்பிபிபி கதை 2.0.11 உடன் முடியவில்லை. 2005 ஜூனில் அதே வியூடாபிக், அதே ஹைலைட், மறுபடி அதே கட்டளை ஓட்டும் ஓட்டை. முதல் ஒட்டு இரட்டைப் பிரிப்பை நீக்கியது. உரையைக் கட்டளையாக ஓட்டும் அந்த இரண்டாவது தவறை விட்டுவைத்தது. ஒரு வழியை அடைத்தார்கள், இன்னொரு வழி கிடைத்தது. 2.0.16 பதிப்பில்தான் வண்ணம் பூசும் பகுதியையே வேறு முறையில் எழுதினார்கள். பிஹெச்பி மொழிக்காரர்களும் பின்னாளில் அந்த 'இ' வசதியே கூடாது என்று முடிவுசெய்து, 2013இல் கைவிடச் சொல்லி, 2015இல் வந்த 7.0 பதிப்பில் எடுத்தே விட்டார்கள்.

வீபுல்லெட்டினின் 2019 ஒட்டையும் அடுத்த ஆகஸ்டில் ஒருவர் சுற்றிக்கொண்டு நுழைந்து காட்டினார். லாக்4ஜே-க்கு 2021 டிசம்பர் ஒரே மாதத்தில் 2.15, 2.16, 2.17, 2.17.1 என்று நான்கு பதிப்பு. ஒட்டு வந்ததும் உலகமே அந்த வரிகளைக் கூர்ந்து பார்க்கிறது. பக்கத்தில் இருக்கும் ஓட்டைகளும் அப்போதுதான் கண்ணில் படும். "இப்போதுதானே அப்டேட் செய்தேன், மறுபடியுமா?" என்று கேட்பவருக்கு இதுவே பதில். அவசரமும் ஒரு காரணம்: அனுப்பிய தாக்குதல் நின்றுவிட்டதா என்று மட்டும் பார்த்து ஒட்டை வெளியிட்டால், அந்தத் தாக்குதல் மட்டும்தான் நிற்கும்.

## இதையெல்லாம் செய்வது யார்

பெரும்பாலும் மாலையில் வேலை முடிந்து வந்து உட்காரும் தன்னார்வலர்கள். 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெடித்தபோதுதான், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்ப உலகின் பாதி இணையம் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்பதும், முழுநேர ஊழியர் ஒருவர்தான் என்பதும் பலருக்குத் தெரிந்தது. அதன்பின் பெரிய நிறுவனங்கள் கொஞ்சம் பணம் போட்டன. இப்போது புதுத் தலைவலி, செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் போலி ஓட்டை அறிக்கைகள். பார்க்க உண்மை போலவே இருக்கும், சோதித்தால் ஒன்றும் இருக்காது. இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற திறமூலத் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் இந்தத் தொல்லை தாங்காமல், ஓட்டை கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தரும் ஏற்பாட்டை 2026 ஜனவரியோடு நிறுத்தினார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் 2026 செப்டம்பர் 11 முதல், தாக்குதலில் இருக்கும் ஓட்டையை உற்பத்தியாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. விற்காமல் எழுதிக் கொடுக்கும் தன்னார்வலருக்கு அந்தச் சுமை இல்லை. அவர் எழுதியதைத் தன் பொருளில் வைத்து விற்கும் நிறுவனத்துக்கு உண்டு. பாரத்தை இறக்கி வைக்கச் சரியான இடம் அதுதான்.

## தளம் நடத்துபவர் பக்கம்

ஒட்டு போடுவது கதவைப் பூட்டுவது. ஏற்கெனவே உள்ளே வந்தவரை அது வெளியேற்றாது. எனவே அப்டேட் தாமதமாகியிருந்தால் வேலை அத்துடன் முடியாது.

1. ஒட்டு வெளியான நாளுக்கு முந்தைய காப்புப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிந்தைய பிரதியில் வந்தவரும் சேர்ந்தே இருக்கலாம்.

2. கோப்புகளை அதிகாரபூர்வப் பதிப்போடு ஒப்பிட்டு, கூடுதலாக ஏதும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக இறக்கும் மென்பொருள் பொட்டலத்தின் சரிபார்ப்பு எண்ணையும் (கோப்பு மாறியிருந்தால் இந்த எண்ணும் மாறும்) பார்ப்பது நல்லது. 2018 ஜனவரியில் பிஹெச்பிபிபி-யின் சொந்த இறக்கப் பக்கத்திலேயே தாக்குபவர்கள் இணைப்புகளை மாற்றி, சுமார் மூன்று மணி நேரம் கெட்ட பொட்டலத்தைக் கொடுத்தார்கள்.

3. நிர்வாகிப் பட்டியலில் தெரியாத பெயர் உண்டா, தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியாயிற்றா என்பதும் இதே பட்டியலில் வரும்.

4. கருத்துக்கள மென்பொருளை மட்டும் பார்த்தால் போதாது. 2009இல் பிஹெச்பிபிபி-யின் அதிகாரபூர்வத் தளமே பறிபோனது. ஓட்டை இருந்தது பிஹெச்பிபிபி-யில் இல்லை, அதே சர்வரில் கடிதம் அனுப்ப வைத்திருந்த வேறொரு மென்பொருளில்.

இன்னோர் அறிகுறியை ட்ரூபல் குழு அந்த 2014 அறிவிப்பிலேயே சொல்லியிருந்தது. அப்டேட் செய்யலாம் என்று போய்ப் பார்க்கிறீர்கள். நீங்கள் கைவைக்காமலே ஒட்டு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஹோஸ்டிங்காரர் செய்திருப்பார் என்று நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள், அவரிடம் கேளுங்கள். அவரும் செய்யவில்லை என்றால், முதலில் நுழைந்த ஆள், தனக்குப் பின்னால் இன்னொரு திருடன் வந்துவிடக் கூடாதே என்று உள்ளே நின்றபடி கதவைச் சாத்தியிருக்கிறார்.